ஜெராக்ஸ் எடுத்து வருவதற்குள்

எங்கள் ஆபீசில் இப்போது யாரும் ஜெராக்ஸ் எடுக்கக் கீழே இறங்குவதில்லை. மேஜைக்கு மேஜை ஸ்கேனர் வந்துவிட்டது. நான் ஓய்வு பெற்ற அடுத்த மாதம் சும்மா பார்த்துவிட்டு வரலாமே என்று போயிருந்தேன். என் நாற்காலியில் இப்போது உட்காருகிற ஷாலினி டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

"மேடம், எல்லாத்தையும் வாட்ஸப்லயே வாங்கிடலாமே. வயசானவங்களை எதுக்குப் பதினெட்டு படி ஏற வைக்கணும்? புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் நேர்ல வந்தே ஆகணும்னு சார் இன்னும் அடம் பிடிக்கிறாரு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வந்த வேகத்தில் போகவும் செய்யும், அதனால்தான் அந்த ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்ட முடிந்தது. யோசித்துப் பார்த்தால் அந்தப் பெண் கேட்டதில் தப்பில்லை. ஆனால் பதில் ஒரு டம்ளர் டீக்குள் அடங்குகிற பதில் இல்லை. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் வசந்தா. சொந்த ஊர் உறையூர். டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டு, சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் மாடியில் இருந்த ஒரு விசா ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். முதல் நாலைந்து வருஷம் வளைகுடாவுக்குப் போகிற கொத்தனார், எலக்ட்ரீஷியன், டிரைவர் இவர்களுக்குப் பார்ம் அடித்தே விரல் தேய்ந்தது. இன்ஷியலை விரித்து எழுதுவது எப்படி, ஸ்கூல் சர்டிபிகேட்டில் ஒரு பெயரும் ரேஷன் கார்டில் ஒரு பெயரும் இருந்தால் என்ன செய்வது, காது தெரிகிற மாதிரி போட்டோ எடுக்காவிட்டால் என்ன ஆகும், எல்லாம் அந்த வருஷங்களில் கற்றுக்கொண்டதுதான். பிறகு காலம் மாறியது. வேலைக்குப் போன பிள்ளைகள் அங்கேயே தங்கினார்கள். தங்கின பிள்ளைகள் அப்பா அம்மாவைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். சிங்கப்பூர், மலேசியா, துபாய், கனடா, ஆஸ்திரேலியா என்று ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சட்டம். ஒரு நாடு மகனின் சம்பளத்தைப் பார்க்கும். ஒரு நாடு இன்சூரன்ஸ் கேட்கும். ஒரு நாடு வயதைப் பார்க்கும். ஓய்வு பெற்றவர்களின் நீண்டகால விசா என்பதே எங்கள் ஆபீசின் முக்கால்வாசி வேலையாகிவிட்டது. என்னையும் டைப்ரைட்டரிலிருந்து தூக்கி, வருகிறவர்களோடு பேசுகிற மேஜையில் உட்கார வைத்தார்கள்.

உட்கார வைத்தவர் அன்வர் சார். ஆபீஸ் முதலாளி. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. எந்த பைலையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். முதல் பக்கத்தை எல்லோரும் அழகாக எழுதிவிடுவார்கள், களைப்பு வந்த பிறகு எழுதியதில்தான் விஷயம் இருக்கும் என்பார். பேனா பிடிக்க மாட்டார், பென்சில்தான். "கண்டிப்பா கிடைச்சிடும்" என்ற வார்த்தை அவர் ஆபீசில் கூடாது. ஒருமுறை ஆர்வக் கோளாறில், விசாவுக்கு வந்த ஒரு அம்மாவிடம் நான் அப்படிச் சொல்லிவிட்டேன். அவர்கள் படி இறங்கிய பிறகு கூப்பிட்டு, "வசந்தாம்மா, விசா குடுக்கறது நீங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான். ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கணவன் மனைவி இருவரும் வந்து உட்கார்ந்து, பேப்பர்களை மேஜையில் பரப்பியதும், அவற்றில் நாலைந்தை எடுத்து ஐயாவின் கையில் கொடுத்து, "கீழ பாலு கடையில ரெண்டு ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்துடுங்க" என்று அனுப்பிவிடுவார். ஐயா திரும்பி வந்ததும் அம்மாவைப் பக்கத்து ஸ்டூடியோவுக்குப் போட்டோ எடுக்க அனுப்புவார். அந்த மேஜைக்கு வந்த புதிதில் இது எனக்கு விளங்கவில்லை. இத்தனை பேரை அலைய வைக்கிற நேரத்துக்கு ஒரு ஜெராக்ஸ் மெஷின் வாங்கிப் போடலாமே என்று மனசுக்குள் திட்டியிருக்கிறேன்.

அப்புறம்தான் புரிந்தது. பாலுவோடு அவருக்கு ஒரு ஏற்பாடு. மாடியிலிருந்து யாராவது வந்தால் பாலு, "மெஷின் சூடாகணுங்க, கொஞ்சம் உக்காருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போடுவான். ஒரு பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் மாடியில் அந்த அம்மா தனியாக இருப்பார். கணவர் பக்கத்தில் இல்லாமல் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல, பல பேருக்கு வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

டீயும் அப்புறம்தான் வரும். டீ குடித்துவிட்டால் மரியாதை வந்துவிடும், உபசாரமாகப் பேச ஆரம்பித்துவிடுவார்கள் என்பது சாரின் கட்சி.

தில்லைநகரிலிருந்து ஒரு ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர் வந்தார். மலேசியாவில் மகள். போய் நிரந்தரமாகத் தங்கிவிடப் போகிறோம் என்று அரைமணி நேரம் லெக்சர் கொடுத்தார். அவர் ஜெராக்ஸுக்கு இறங்கியதும் வீட்டம்மாவிடம், "உங்களுக்குப் போக இஷ்டம்தானே?" என்று கேட்டேன். அந்தம்மா வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அவரை மட்டும் அனுப்ப வழி இருக்குதாம்மா? ஒரு ஆறு மாசம் போதும்" என்றார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைசியில் ஐயா முதலில் போய் வீடு பார்ப்பது, அம்மா பிறகு வருவது என்று சார் ஏதோ சொல்லிச் சரிக்கட்டினார். அம்மா நிஜமாகவே ஆறு மாதம் கழித்துத்தான் போனார். முகம் தெளிந்து, ஒரு சுற்று பெருத்துப் போனார்.

இந்த வழக்கத்துக்கு ஒரு சட்டமும் உண்டு. ஜெராக்ஸ் நேரத்தில் கேட்டதை, ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்தவரிடம் சொல்லக் கூடாது. எழுதிச் சாரிடம் கொடுக்கலாம். என்ன செய்வதென்று அவர் பார்த்துக்கொள்வார். இத்தனை வருஷத்தில் நான் அதை ஒரே ஒரு தடவை மீறினேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு முற்பகல், ராஜேந்திரன் என்பவரும் அவர் மனைவி தனலட்சுமியும் வந்தார்கள். அவர் கைலாசபுரத்தில் குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு தொழிற்சாலையில் வெல்டராக வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஸ்ரீரங்கத்தில் ஒரு பிளாட் வாங்கிக் குடியிருந்தார்கள். மகன் செந்தில் மெல்போர்னில். மகள் கவிதா கே.கே.நகரில், படுக்கையாகக் கிடக்கிற மாமியாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறவள். இரண்டு மாதத்துக்கு முன் ராஜேந்திரன் பாத்ரூமில் வழுக்கி விழுந்திருக்கிறார். தனலட்சுமி கோயிலுக்குப் போயிருந்த நேரம். திரும்பி வரும்வரை இரண்டு மணி நேரம் ஈரத்தரையில் கிடந்திருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்து மகன் ஒரே பிடியாக நிற்கிறான், இனி அங்கே தனியாக இருக்க வேண்டாம், இரண்டு பேரும் நிரந்தரமாக என்னிடம் வந்துவிடுங்கள் என்று.

வழக்கம்போல ராஜேந்திரன் கைத்தடியோடு கீழே இறங்கினார். நான் பார்மை எடுத்துக்கொண்டேன். பெண்களிடம் பிள்ளைகள் எத்தனை என்று கேட்கக் கூடாது, பிரசவம் எத்தனை என்று கேட்க வேண்டும் என்பது சார் சொல்லிக் கொடுத்தது. தவறிப்போன பிள்ளைகளைக் கணக்கில் சொல்ல விட்டுவிடுவார்கள், பார்மில் அதுவும் வேண்டியிருக்கும்.

"எத்தனை பிரசவம்மா?"

"மூணுங்க. மூணும் சுகப்பிரசவம். ரெண்டு இங்க ஆஸ்பத்திரியில, ஒண்ணு வையம்பட்டியில வீட்டுலயே."

"பேரு சொல்லுங்க."

"செந்தில். கவிதா. மல்லிகா."

"மல்லிகா எங்க இருக்காங்க?"

"வையம்பட்டியிலதான். கட்டிக் குடுத்து ரெண்டு புள்ளைங்க. தோட்டம் இருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "எங்க மூத்தார் வீட்டுல வளர்ந்துச்சு."

மூத்தார் என்றால் கணவரின் அண்ணன். பெரியப்பா வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் ஊரில் எத்தனையோ பேர். எனக்கு அதில் ஒன்றும் உறைக்கவில்லை. அன்றைக்குக் காலையில் சாப்பிடாமல் வந்திருந்தேன், அடுத்த ஆள் வேறு பெஞ்சில் காத்துக்கொண்டிருந்தார். ராஜேந்திரன் ஜெராக்ஸோடு படியேறி மூச்சு வாங்க உட்கார்ந்ததும், நான் பார்மிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னேன்.

"சார், மூணாவது பொண்ணு மல்லிகாவோட ஆதார் நகலும் வேணும்."

நிமிர்ந்து பார்த்தேன். அவர் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தம்மா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடி, திறந்து, மறுபடி மூடினார்.

"எனக்கு ரெண்டு பிள்ளைங்கதான் மேடம்" என்றார் ராஜேந்திரன்.

நாக்கைக் கடித்துக்கொண்டு என்ன பிரயோஜனம். அறை வாசலில் சார் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். மேஜைக்கு வந்து அந்த ஜெராக்ஸ் நகல்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது சரியா விழலை. வசந்தாம்மா, நீங்க போய் எடுத்துட்டு வாங்க" என்று என் கையில் கொடுத்தார். நகல் பளிச்சென்று இருந்தது. நான் படி இறங்கினேன். பாலுவுக்கு என்ன தெரியும், மாடியிலிருந்து ஆள் வந்தது, அவன் வழக்கப்படி, "மெஷின் சூடாகணுங்க மேடம்" என்று எனக்கும் ஸ்டூலை இழுத்துப் போட்டான். பத்து நிமிஷம் அதில் உட்கார்ந்திருந்தேன். என்னை நானே திட்டிக்கொள்ள அது போதவில்லை.

அந்த நேரத்தில் ராஜேந்திரன் சாரிடம் சொன்னதைச் சார் பிற்பாடு எனக்குச் சொன்னார். ராஜேந்திரனுக்குச் சின்ன வயதிலேயே அப்பா இல்லை. அண்ணன்தான் வயலில் கிடந்து அவரை ஐ.டி.ஐ. வரைக்கும் படிக்க வைத்தவர். அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. மூன்றாவது பிரசவத்துக்குத் தனலட்சுமி வையம்பட்டி போயிருந்தபோது, அண்ணி இவரிடம் வந்து, இந்தக் குழந்தையை எங்களுக்குக் கொடு என்று கேட்டிருக்கிறார். இவர் சரி என்றுவிட்டார். ஊர்க் கோயில் வாசலில் வைத்துக் குழந்தையை அண்ணன் கையில் கொடுத்தார்கள். பத்திரம் கித்திரம் ஒன்றும் இல்லை. ஸ்கூலில் சேர்க்கும்போது அண்ணன் பெயர்தான் அப்பா பெயர், ரேஷன் கார்டிலும் அப்படியே. மல்லிகாவுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும், யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பெற்றவளை அவள் சித்தி என்று கூப்பிடுகிறாள்.

நான் திரும்பி மேலே வந்தபோது ராஜேந்திரன் சொல்லிக்கொண்டிருந்தது மட்டும் என் காதில் விழுந்தது. "எந்தப் பேப்பர்லயும் இல்லாத பிள்ளை அதுங்க. நீங்க எழுதினாத்தான் இருக்கு. எழுதலைன்னா இல்ல."

அவர் ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெற்றோர் நிரந்தரமாகப் போய்த் தங்குவதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு கணக்கு உண்டு. பெற்ற பிள்ளைகளில் பாதிப் பேராவது அங்கே நிரந்தரமாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று என்றால் சரி, விண்ணப்பம் போட்டு வரிசையில் நிற்கலாம். மூன்றில் ஒன்று என்றால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். மகன் இதை முன்கூட்டியே படித்து அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். மல்லிகா என்ற பெயரை எழுதினால் மகனிடம் போக முடியாது.

"தெரியாம இருந்திருந்தா அது வேற" என்றார் சார். "இப்ப தெரிஞ்சுடுச்சுங்க. என் ஆபீஸ்லருந்து ரெண்டுன்னு எழுதி அனுப்ப என்னால முடியாது. ஒரு வழி இருக்கு. சட்டப்படி தத்துக் குடுத்த பிள்ளைன்னு ரிஜிஸ்டர் பத்திரம் இருந்தா, அந்தப் பிள்ளையைக் கணக்குல சேர்க்க வேண்டாம். அப்ப குடுத்ததை இப்ப ஒப்புக்கிட்டு எழுதிக் குடுக்கலாமான்னு வக்கீலைக் கேட்டுப் பார்க்கலாம்."

ராஜேந்திரன் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ரத்தம் ஓடியது. அப்போதுதான் டீ வந்தது. தனலட்சுமி டம்ளரைத் தொடவில்லை.

பத்து நாள் கழித்து வக்கீல் எழுதிய வாசகம் வந்தது. ராஜேந்திரன், தனலட்சுமி, கூடக் கவிதா. மகன் போனில் இருந்தான், ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்திருந்தார்கள். ராஜேந்திரன் மளமளவென்று கையெழுத்துப் போட்டுவிட்டார். பேப்பர் தனலட்சுமி பக்கம் வந்தது. அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். எட்டாவது வரைக்கும் படித்தவர். "மேற்படி மல்லிகாவுக்கும் எனக்கும் அன்று முதல் தாய் மகள் என்ற உறவோ பாத்தியதையோ இல்லை" என்ற வரியில் விரலை வைத்தார். விரல் அங்கேயே நின்றது.

போனிலிருந்து மகன், "அம்மா, சும்மா ஒரு பார்மாலிட்டிதான்மா. மல்லிகா கோவிச்சுக்க மாட்டா. நான் பேசிட்டேன்" என்றான்.

"அம்மா, போட்டுடுங்கம்மா" என்று கவிதாவும் சொன்னாள். அவளுக்கு அவள் கஷ்டம். அப்பா மறுபடி விழுந்தால் தூக்க ஓடிவர வேண்டியவள் அவள்தான்.

தனலட்சுமி கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்தார்.

"அன்னைக்கு என்னை யாரும் கேக்கலைங்க" என்றார். அவர் பேசியது சாரைப் பார்த்து, ஆனால் அது யாருக்கு என்று எல்லோருக்கும் தெரிந்தது. "பதினோரு நாள் குழந்தை. குளிச்சுட்டு வந்து பார்த்தேன், தூளி காலியா இருந்துச்சு. இன்னைக்குக் கேக்குறீங்க. கேட்டதுக்கு ரொம்ப சந்தோஷம். நான் போட மாட்டேன்."

போனில் மகன், "ஹலோ, ஹலோ, லைன்ல இருக்கீங்களா" என்று கேட்டுக்கொண்டிருந்தான். கவிதா போனை எடுத்துக்கொண்டு வெளி வராந்தாவுக்குப் போனாள்.

ராஜேந்திரன் தலை குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு கைத்தடியை ஊன்றி எழுந்தார். "நான் போயி ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்துடறேன்" என்றார். அவர் கையில் ஒரு துண்டுப் பேப்பர்கூட இல்லை. சாரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மனிதர் எப்போது கண்டுபிடித்தாரோ, பாலுவின் மெஷின் எதற்குச் சூடாகிறது என்று.

அவர் படி இறங்கும் சத்தம் அடங்கியதும் நான் தனலட்சுமியின் பக்கத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வராது, பழக்கமில்லை. ஆனாலும், "நான்தாம்மா அன்னைக்கு அவசரப்பட்டு உளறிட்டேன்" என்றேன்.

"இல்ல மேடம். நீங்க எங்க வீட்டுக்காரருகிட்ட 'மூணாவது பொண்ணு'ன்னு சொன்னீங்க பாருங்க, அப்படி ஒருத்தர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதே இல்ல. பயமாவும் இருந்துச்சு, நல்லாவும் இருந்துச்சு." அப்புறம் அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

"பையன்கிட்ட போகணும்னு ஆசை இல்லையாம்மா?"

"இல்லாம இருக்குமா? ரெட்டைப் பேரன்க. போன்ல பார்த்துப் பார்த்துக் கண்ணு பூத்துப் போச்சு. இவரும் இனிமே தனியா இருக்க முடியாது. போகணுங்க. ஆனா இதுல கையெழுத்துப் போட்டுட்டுப் போக மாட்டேன்."

ராஜேந்திரன் அரைமணி நேரம் வரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், மெஷின் ரெடி என்று தான் சொல்லியும் எழுந்திருக்கவில்லை என்று பாலு பிறகு சொன்னான். வந்தவர் நேராக என் மேஜைக்கு வந்தார். "மேடம், மூணுன்னே போடுங்க" என்றார். வக்கீல் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அத்தோடு நிரந்தர விசா போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒரு தற்காலிக விசா. வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது, எங்கள் ஊரில் யாரும் அதைக் கேட்பதில்லை. மகன் ஸ்பான்சர் செய்து, மூன்று வருஷமோ ஐந்து வருஷமோ போய்த் தங்கலாம். இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். கெடு முடிந்ததும் நாட்டை விட்டு வெளியே வந்துவிட வேண்டும், மூன்று மாதமாவது வெளியே இருந்த பிறகுதான் அடுத்தது கொடுப்பார்கள். வயதானவர்களை இப்படி இழுத்தடிக்கிறார்களே என்று எனக்கு அதன்மேல் எரிச்சல். ஆனால் அதில் பாதிப் பிள்ளை கணக்கு இல்லை. பிள்ளைகளின் பெயரை எழுதச் சொல்வார்கள், எத்தனை பேர் எங்கே இருக்கிறார்கள் என்பதை வைத்துத் தள்ள மாட்டார்கள். இந்த விசாவைச் சொன்னதும் மகன் போனில் கொஞ்சம் முணுமுணுத்தான். ராஜேந்திரன், "டேய், கிடைக்கிறதைப் போடு" என்று வைத்துவிட்டார்.

பிள்ளைகள் பகுதியில் மூன்றாவது வரியில் மல்லிகாவின் பெயரை எழுதினேன். ஆதாரில் அவளுடைய அப்பா பெயர் வேறாக இருப்பதற்கு, நடந்ததை நடந்தபடி சொல்லி ஒரு விளக்கக் கடிதம் வேண்டியிருந்தது. அதைச் சாரே பென்சிலில் எழுதினார். நாலு தடவை அழித்து எழுதினார். கடைசியில் ஏழு வரிதான் மிஞ்சியது. அதை டைப் அடிக்கும்போது எனக்கு ஒரு தப்புக்கூட விழவில்லை.

ஆதார் நகலைக் கொடுக்க மல்லிகாவே வையம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்தாள். நாற்பதை ஒட்டிய வயது, வெயிலில் கறுத்த முகம். அம்மாவின் ஜாடை அப்படியே. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"என் பேரு அதுல இருக்குங்களா?"

"இருக்கும்மா."

"எந்த இடத்துலங்க?"

பார்மைத் திருப்பிக் காட்டினேன். இங்கிலீஷில் இருந்ததால் மேலே இருந்த தலைப்பை நான் படித்து, பிள்ளைகள் என்று அர்த்தம் சொன்னேன். அவள் தன் பெயரைத் தொடாமல், விரலைக் கொஞ்சம் தள்ளி வைத்துக் காட்டி, "இதுங்களா" என்றாள். ஆமாம் என்றேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இந்த ஒரு பக்கத்தை மட்டும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கலாங்களா?"

பைலில் உள்ளதை வெளியே கொடுக்கக் கூடாது என்பது ஆபீஸ் விதி. அறைக்குள்ளிருந்து சார் தலையை மட்டும் ஆட்டினார். நானே கீழே போய் எடுத்து வந்தேன். பாலு ஆரம்பிப்பதற்கு முன்பே, "சூடாகறதெல்லாம் வேண்டாம், உடனே எடு" என்று சொல்லிவிட்டேன். மல்லிகா அதை நான்காக மடித்து, ரவிக்கைக்குள் இருந்த சின்ன பர்சில் வைத்துக்கொண்டு, "போயிட்டு வரேங்க" என்று கிளம்பினாள்.

மூன்று வருஷத்துக்கு விசா கிடைத்தது. இருவரும் போனார்கள்.

நான் ஓய்வு பெறுகிற மாதத்தில், ஒரு நாள் காலை ராஜேந்திரனும் தனலட்சுமியும் பதினெட்டுப் படி ஏறி வந்தார்கள். கெடு முடிந்து திரும்பியிருந்தார்கள். ராஜேந்திரன் இளைத்திருந்தார், ஆனால் நடை தெம்பாக இருந்தது. அடுத்த விசாவுக்குப் பார்ம் போட வேண்டும். இந்தியாவில் இருக்கிற முகவரி என்ற இடத்துக்கு வந்ததும், "ஸ்ரீரங்கம் பிளாட்தானே?" என்று கேட்டேன்.

"பிளாட் வாடகைக்கு விட்டாச்சுங்க. வையம்பட்டி போடுங்க" என்றார் தனலட்சுமி. "மல்லிகா வீடு."

"யார் வீட்டுலன்னு உறவு எழுதணும்மா."

"மகள்."

அவர் அதைச் சொன்னபோது ராஜேந்திரன் பக்கத்தில்தான் இருந்தார். பிறகு கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நான் கீழ போயி ஒரு டீ குடிச்சுட்டு வரேன் மேடம். ஜெராக்ஸ் கடைதான் இப்ப இல்லையே" என்றார். பாலுவின் கடை செல்போன் கவர் விற்கிற கடையாகிவிட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அவரும் சிரித்துக்கொண்டே இறங்கினார்.

"இப்ப அம்மான்னு கூப்பிடுறாங்களா?" என்று கேட்டேன். கேட்கக் கூடாததுதான். என் வாய் அப்படி.

"இல்லைங்க. சித்திதான். அவளை வளர்த்த அக்கா இன்னும் அந்த வீட்டுலதானே இருக்காங்க, அவங்கதான் அம்மா. இருக்கட்டுமே. காலையில எனக்குச் சுடுதண்ணி அவதான் வெச்சுத் தரா."

"மறுபடி போக இஷ்டம்தானேம்மா?"

"போகணுங்க. பேரப்பசங்க எண்ணிக்கிட்டு இருக்கானுங்க." குரலைத் தணித்தார். "ஆனா மேடம், மூணு மாசம் முடிஞ்ச அன்னைக்கே வந்துடுமா இது? கொஞ்சம் லேட்டா வர்ற மாதிரி பண்ண முடியாதுங்களா?"

விசா சீக்கிரம் வர வேண்டும் என்று என்னிடம் கெஞ்சினவர்கள், அழுதவர்கள், சண்டை போட்டவர்கள் கணக்கில்லை. தாமதமாக வரட்டும் என்று கேட்டவர் அந்த முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் ஒருவர்தான்.

ராஜேந்திரன் திரும்பி வந்து உட்கார்ந்தார். "எப்ப போடலாம் சார் அப்ளிகேஷன்?" என்று கேட்டேன்.

"இவ என்ன சொன்னா?" என்றார்.

இந்தத் தடவை நான் உளறவில்லை. "நீங்களே கேளுங்க சார்" என்றேன்.

அவர் மனைவியின் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார். "நீ சொல்லு. எப்ப போகலாம்?"

தனலட்சுமி கைப்பையின் ஜிப்பைத் தொடவில்லை. "மல்லிகா தோட்டத்துல கடலை புடுங்கட்டும். கூட நின்னு பார்த்துட்டுப் போகலாம்" என்றார்.

"சரி" என்றார் அவர்.

நான் பார்மைப் பைலில் வைத்துக் கட்டினேன். சாரின் மேஜையிலிருந்து பென்சிலை எடுத்து, பைலின் மேலட்டையில், தேதி எழுத வேண்டிய இடத்தில் எழுதினேன்: கடலை எடுத்த பிறகு.